எதிரில் இன்னொரு மாவுக்கடை வந்துவிட்டது, விலையைக் குறைக்கவா?

மாவுக்கடை, தண்டையார்பேட்டை (திங்கள், இரவு 11.10)

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் பதினோரு வருஷமாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன். மாமியார் ஆரம்பித்த கடை, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு டில்டிங் கிரைண்டர், உதவிக்கு ஒரு பெண். ஒரு கிலோ பாக்கெட் 50 ரூபாய். தினமும் 120 பாக்கெட் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் நேர் எதிரில் ஒருவர் மாவுக்கடை போட்டார். கிலோ 45 ரூபாய். இப்போது எனக்கு 70 பாக்கெட் போவதே பெரிய விஷயமாக இருக்கிறது. மிஞ்சுகிற மாவு மறுநாள் புளித்துவிடுகிறது, கொட்டத்தான் வேண்டியிருக்கிறது.

என் மாவில் குறை இல்லை. நல்ல உளுந்து, கை நிறைய வெந்தயம், சோடா உப்பு கிடையாது. எப்போதும் அன்றைக்கு அரைத்ததைத்தான் கொடுப்பேன். இருந்தும் பத்து வருஷமாக என்னிடம் வாங்கியவர்கள் என் கண்ணெதிரில் அந்தக் கடையில் நிற்கிறார்கள். நான் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் முதல் 40 ரூபாய்க்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேல்ஸ் ரெப் 22 வருஷம் (திங்கள், இரவு 11.48)

அக்கா, விலையில் இப்போது கை வைக்காதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து போட்டால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு காணும். உங்கள் பக்கத்து மளிகை விலையில் அரிசி, உளுந்து செலவு மட்டும் கிலோ மாவுக்கு 27 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். 50-க்கு விற்றால் கையில் 23 நிற்கும். 40-க்கு விற்றால் 13. இப்போது 70 பாக்கெட்டில் வருகிற 1,610 ரூபாயை 40 ரூபாய் விலையில் எடுக்க 124 பாக்கெட் விற்க வேண்டும். அதாவது நல்லா ஓடிய காலத்தை விட அதிகமாக விற்று, இன்றைய மோசமான வருமானத்தை எடுப்பீர்கள். கரண்ட், கவர், சம்பளம் எல்லாம் அதற்கு மேல்.

அப்புறம் இன்னொன்று. எதிர்க்கடைக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியதில் இரண்டே தகவல்தான் இருக்கிறது. எதிரில் இருக்கிறார், 45 ரூபாய். மற்றதெல்லாம் உங்கள் வருத்தம். அவர் எத்தனை மணிக்குத் திறக்கிறார், எப்போது மூடுகிறார், யார் வாங்குகிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள், அவர் மாவு எப்படி இருக்கிறது, வாடகை எவ்வளவு, சொந்தப் பணமா கடனா? இதில் ஒன்றாவது தெரியுமா?

மாவுக்கடை, தண்டையார்பேட்டை (செவ்வாய், காலை 5.30)

கணக்கு கிட்டத்தட்ட சரிதான் அண்ணா. நீங்கள் கேட்டதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்தக் கடைப் பக்கமே திரும்பக் கூடாது என்று இருந்துவிட்டேன். அவர் மாவை நான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

எம்.சி. ரோடு ஜவுளி (செவ்வாய், மதியம் 2.15)

நான் பட்டதைச் சொல்கிறேன் தங்கச்சி. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் எனக்கு நைட்டி, லுங்கிக் கடை. ஒரு தீபாவளிக்கு முந்தின மாதம் பக்கத்துக் கடையில் என் சரக்கையே 20 ரூபாய் குறைத்துப் பலகை மாட்டினார்கள். நானும் குறைத்தேன். அவர்கள் இன்னும் பத்து குறைத்தார்கள். இப்படியே பத்துப் பத்தாக இறங்கி, தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் வாங்கின விலைக்கே விற்றுக்கொண்டிருந்தேன். கடையில் கூட்டம் நெரிந்தது, கல்லாவில் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. நான் ஈரோட்டு மொத்த வியாபாரியிடம் ஒரு மாதக் கடனில் எடுக்கிறவன். பக்கத்துக் கடைக்காரர் திங்கள் ராத்திரி பஸ் ஏறி, அங்கே வாரச் சந்தையில் கையில் காசு வைத்து எடுத்துவருகிறார். ரொக்கத்துக்கு என்ன விலை, கடனுக்கு என்ன விலை என்பது உங்களுக்கே தெரியும். நான் வாங்குகிற விலையில் அவர் லாபம் வைத்து விற்க முடியும். அவரோடு விலையில் மோதியது என் அறியாமை. இது சந்து முழுக்கத் தெரிந்த விஷயம். டீக்கடையில் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். கோபத்தில் நான்தான் கேட்கவில்லை.

இதற்கு நேர் மாறாகவும் பார்த்திருக்கிறேன். எதிர்வரிசையில் ஒருவர் அடிமாட்டு விலைக்கு விற்றார், எல்லோரும் பயந்தார்கள். நான் ஒரு வாரம் கவனித்தேன். தினமும் சாயந்திரம் ஆறரை மணிக்குத் தண்டல்காரர், அதாவது வட்டிக்குக் கொடுத்த பணத்தைத் தினசரி வசூலிக்கிறவர், நோட்டோடு வந்து நிற்பார். ஒரு நாள் இல்லை, ஏழு நாளும். தண்டல் வாங்கி அடிமாட்டு விலைக்கு விற்கிறவர் ரொம்ப நாள் தாங்க மாட்டார் என்று புரிந்தது. நான் விலையைத் தொடவே இல்லை. பொங்கலுக்கு முன்னால் அவர் கடையைக் காலி செய்தார். அவரைப் பார்த்துப் பாவமாகத்தான் இருந்தது.

உங்கள் ஆள் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

பெரம்பூர் டெய்லர் (செவ்வாய், மாலை 4.02)

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அடுத்த கடையைப் பார்க்க ஆரம்பித்தால் நம் கை வேலை கெட்டுவிடும். பக்கத்தில் ஒருவர் ஒரே நாளில் பிளவுஸ் தைத்துத் தருகிறார் என்று நானும் அப்படி அவசரப்பட்டேன். தையல் கோணி, பதினைந்து வருஷ வாடிக்கையாளர் இரண்டு பேரை இழந்தேன். இனி எவர் கடையையும் பார்ப்பதில்லை.

சேல்ஸ் ரெப் 22 வருஷம் (செவ்வாய், இரவு 10.20)

டெய்லர் அண்ணா, நீங்கள் பார்த்ததால் கெடவில்லை, பார்த்ததை அப்படியே செய்ததால் கெட்டது. அவர் எப்படி ஒரே நாளில் முடிக்கிறார் என்று பார்த்தீர்களா? வெட்டுவதற்கு ஒருவர், தைப்பதற்கு இரண்டு பேர், கொக்கி கட்டுவதற்கு வீட்டில் ஒருவர் என்று இருப்பார். உங்களிடம் நீங்கள் ஒருவர்தான். அது தெரிந்திருந்தால் இறங்கியிருக்க மாட்டீர்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் மேனேஜர் ஒரு கதை சொல்வார். 1983-ல் கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலில் தொழில் தொடங்கினார். சிக் ஷாம்பு பாக்கெட். எதிரில் பெரிய கம்பெனிகள், அவர் குடும்பத்துக் கம்பெனியே பாக்கெட் ஷாம்பு விற்றுக்கொண்டிருந்தது. அவர் ஒரு திட்டம் போட்டார். எந்த ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். அந்தக் கம்பெனிதான் இன்றைய கேவின்கேர்.

எனக்கு அதில் பிடித்தது, அவர் யாரைத் தேடினார் என்பது. அடுத்த கம்பெனியின் காலி பாக்கெட்டைக் கையில் வைத்திருப்பவர், ஏற்கெனவே பாக்கெட் ஷாம்பு போட்டுப் பழகியவர். சீயக்காயிலிருந்து அவரை மாற்ற வேண்டிய வேலை மிச்சம். போட்டியாளர் பழக்கி வைத்த ஆளைத் தன்னிடம் கூப்பிட்டார். அக்கா, எதிர்க்கடையில் யார் நிற்கிறார்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

காசிமேட்டுக்காரி (புதன், காலை 10.40)

நான் மீன் விக்கிறவ. காசிமேட்டில் ஏலத்தில் எடுத்து ராயபுரம் பக்கம் உட்கார்ந்து விற்கிறேன். என் பக்கத்தில் வரிசையாக ஆறு பேர் கூடையோடு உட்காருவோம். ரொம்ப வருஷம் அந்த ஆறு பேரையும்தான் நான் போட்டி என்று நினைத்துச் சண்டை போட்டேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு போகாது. மீன் வரத்து குறையும், விலை ஏறும். அந்த நாட்களில் ஆறு பேரில் நாலு பேர் வர மாட்டார்கள். அப்படியென்றால் எனக்கு நல்ல வியாபாரம் ஆக வேண்டும் இல்லையா? ஆகாது. ஜனங்கள் நேராகக் கறிக்கோழிக் கடைக்குப் போய்விடுவார்கள். ஒரு வருஷம் அதைக் கவனித்த பிறகுதான் காலையில் போர்டில் கோழி விலை பார்க்க ஆரம்பித்தேன். கறிக்கோழி விலை பல்லடத்தில் முடிவாகிறது. அங்கே விலை இறங்கினால் அந்த ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் அதிகம் எடுக்க மாட்டேன், மத்தியும் நெத்திலியும் எடுப்பேன். கோழி ஏறினால் தைரியமாகப் பெரிய மீன் எடுப்பேன். பக்கத்துக் கூடைக்காரியோடு இப்போது சண்டை இல்லை, எனக்கு ஐஸ் தீர்ந்தால் அவளிடம்தான் வாங்குகிறேன்.

அதனால் சொல்கிறேன் மா, உன்னிடம் வராதவர்கள் எல்லோரும் எதிர்க்கடைக்குத்தான் போனார்கள் என்று நீ எப்படி முடிவு கட்டினாய்? ரெண்டு பேரைக் கேட்டுப் பார்.

திருவொற்றியூர் தம்பி (புதன், மதியம் 1.30)

அக்கா, அந்தக் கடை கூகுள் மேப்பில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விமர்சனங்களைப் படியுங்கள். ஐந்து ஸ்டார் போட்டதை விடுங்கள், சொந்தக்காரர்கள் போட்டிருப்பார்கள். ஒரு ஸ்டார் பாதி கோபத்தில் போட்டது. மூன்று ஸ்டார்தான் உருப்படியானது. என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை என்று இரண்டும் இருக்கும். நான் தேரடி பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்தபோது சுற்றியிருந்த கடைகளின் மூன்று ஸ்டார் விமர்சனங்களை ஒரு நோட்டில் எழுதினேன். பெரும்பாலானவர்கள் சொன்ன குறை விலை இல்லை, சொன்ன நேரத்துக்குப் போன் கிடைக்கவில்லை என்பதுதான். இன்றைக்கும் நான் நேரம் சொன்னால் சொன்னதுதான்.

அவர் கடைக்குப் பொய்யாகக் கெட்ட விமர்சனம் மட்டும் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒருவர் அப்படிச் செய்தார், ஒரு வருஷம் அந்த வலி இருந்தது.

கணக்குப்பிள்ளை, மிண்ட் (புதன், இரவு 9.05)

காகிதத்தில் கிடைப்பதைச் சொல்கிறேன். பாக்கெட்டில் போட்டு விற்றால் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, தயாரித்தவர் முகவரி இருக்க வேண்டும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்) 14 இலக்கத்தில் இருக்கும். முகவரி எதிர்க்கடையா, வேறெங்காவதா என்று பாருங்கள். வேறிடத்தில் அரைத்துக் கொண்டுவந்தால் அவர் வண்டிச் செலவு, நேரம் எல்லாம் தெரிந்துவிடும். ஜி.எஸ்.டி. எண் இருந்தால் தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். அதை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் எப்போது பதிவு செய்தார், ரிட்டர்ன் போடுகிறாரா என்று யாரும் பார்க்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் வருகிற பாக்கெட் மாவு பெரிய கம்பெனியுடையது என்றால், கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் 100 ரூபாய் கட்டி வரவு செலவுக் கணக்கையே படிக்கலாம். இது எல்லாம் சட்டப்படி பொதுவில் இருப்பது, யாரும் குற்றம் சொல்ல முடியாது.

எம்.சி. ரோடு ஜவுளி (புதன், இரவு 9.40)

அவர் கடையில் வேலை செய்கிற பையனுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் எல்லாம் சொல்லிவிடுவானே. காகிதம் எதற்கு?

கணக்குப்பிள்ளை, மிண்ட் (புதன், இரவு 9.52)

அதை மட்டும் செய்யாதீர்கள் அண்ணா. நான் கணக்குப் பார்க்கிற கடைக்காரர் ஒருவருக்கு அது நடந்தது. அவர் கடைப் பையனை இன்னொருவர் காசு கொடுத்துப் பிடித்து, கடன் வாங்கும் வாடிக்கையாளர் நோட்டைப் போட்டோ எடுத்தார். நோட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பையன் வேலையை இழந்தான், அந்த வட்டாரத்தில் யாரும் அவனைச் சேர்க்கவில்லை. பத்தொன்பது வயது. கடை வாசலில் நின்று கண்ணால் பார்ப்பது வேறு, உள்ளே இருப்பவனைக் கெடுப்பது வேறு.

எம்.சி. ரோடு ஜவுளி (புதன், இரவு 10.01)

சரி, நீங்கள் சொல்வது நியாயம். நான் எழுதியதை விட்டுவிடுங்கள்.

மாவுக்கடை, தண்டையார்பேட்டை (அடுத்த செவ்வாய், இரவு 11.30)

நீங்கள் சொன்னபடி விலையைத் தொடவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் கடையை விட்டுவிட்டு, தெருமுனைப் பூக்கார அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று நாள், சாயந்திரம் ஐந்தரையிலிருந்து ஒன்பதே முக்கால் வரை. பூக் கட்டிக்கொண்டே நோட்டில் கோடு போட்டேன். எட்டு மணி வரை எதிர்க்கடைக்குச் சராசரியாக 24 பேர் வந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு அதை விட அதிகம். எட்டு மணிக்கு நான் கடையை மூடுவேன், மாமியார் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். எட்டிலிருந்து ஒன்பதே முக்கால் வரை அவருக்கு 43 பேர். என் கடை மூடின பிறகுதான் அவருக்கு வியாபாரமே. பாதிக்கு மேல் பெண்கள், தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை. மெட்ரோவில் இறங்கி நடந்து வருகிறவர்கள். விம்கோ நகர் வரை 2021-ல் மெட்ரோ வந்ததிலிருந்து இந்தப் பக்கம் ராத்திரி நடமாட்டம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை, எட்டு மணிக்கு ஷட்டர் இழுத்துவிடுவதால்.

அந்த 43 பேரில் முப்பது பேர் அரைக் கிலோ பாக்கெட் வாங்கினார்கள். என்னிடம் அரைக் கிலோ கிடையாது.

இரண்டாவது, பூக்கார அக்காவை விட்டு அவர் மாவு இரண்டு பாக்கெட் வாங்கினேன். தராசில் போட்டேன். கிலோ பாக்கெட் 1,010 கிராம். சரியான எடைதான். எடை குறைவாக இருக்கும் என்று மனதுக்குள் எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டைத் திறந்தால் லேசான புளிப்பு வாசனை, மேலே சின்னச் சின்னக் குமிழ். ராத்திரி ஒன்பது மணிக்கு அதில் தோசை ஊற்றினேன். ஓரம் சிவந்து மொறுமொறுவென்று எழும்பி வந்தது. என் பையன் நாலு சாப்பிட்டான். மறுநாள் காலை இட்லி ஊற்றினால் தட்டையாக உட்கார்ந்துவிட்டது, புளிப்பும் அதிகம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மாவு அன்றைக்கு அரைத்தது. ராத்திரி முழுக்கப் பொங்க வைத்துக் காலையில் இட்லி ஊற்றினால் பூ மாதிரி வரும். வாங்கின உடனே தோசை ஊற்றினால் வெள்ளையாக, வரட்டி மாதிரி இருக்கும். பல பேர் என்னிடம் "அக்கா, இப்பவே ஊத்தலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "காலைல ஊத்து மா, இப்ப அரைச்சது" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எட்டரை மணிக்கு வீடு திரும்பி ஒன்பது மணிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டியவளுக்கு அது என்ன பதில்? எதிர்க்கடைக்காரர் காலையிலேயே அரைத்து, பொங்கினதைச் சாயந்திரம் விற்கிறார். அவர் ராத்திரி தோசைக்கு விற்கிறார். நான் காலை இட்லிக்கு விற்கிறேன். ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்காக யாரும் போகவில்லை.

மூன்றாவது, காசிமேட்டு அக்கா சொன்னதற்காகப் பழைய வாடிக்கையாளர்கள் பதினைந்து பேரை நினைவு வைத்து விசாரித்தேன். ஆறு பேர்தான் எதிர்க்கடையில் வாங்குகிறார்கள். நாலு பேர் பின்தெரு வாரியக் குடியிருப்பில் இருந்தவர்கள், இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று வாடகைக்கு வேறு பக்கம் போய்விட்டார்கள். மூன்று பேர் வீட்டில் பிள்ளைகள் போனில் போட்டு வாசலுக்கே பாக்கெட் வரவழைக்கிறார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, ராத்திரி இட்லியை நிறுத்திவிட்டார். இன்னொரு பாட்டி இறந்துவிட்டாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை. பத்து வருஷம் கையில் தூக்குவாளியோடு வந்தவர்.

மூன்று மாதமாக எதிரில் இருக்கிற மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதிப் பேருக்கு மேல் போனதற்கு அவர் காரணமே இல்லை.

சேல்ஸ் ரெப் 22 வருஷம் (அடுத்த செவ்வாய், இரவு 11.55)

அக்கா, 22 வருஷத்தில் இவ்வளவு சுத்தமான ரிப்போர்ட் எனக்குக் கீழ் வேலை பார்த்தவர்கள் ஒருவரும் கொடுத்ததில்லை. இனி என்ன செய்யப் போகிறீர்கள்?

மாவுக்கடை, தண்டையார்பேட்டை (புதன், காலை 5.45)

காலை பத்தரைக்கு ஒரு ஈடு அரைக்கப் போகிறேன். இந்த வெயிலில் சாயந்திரத்துக்குள் பொங்கிவிடும், அதை ஐஸ்பெட்டியில் வைத்து ஏழு மணியிலிருந்து கொடுப்பேன். சாயந்திரம் வழக்கம்போல் இன்னொரு ஈடு. இரண்டு வாளி, இரண்டு அட்டை: "இன்னைக்கு ஊத்த", "நாளைக்கு ஊத்த". அரைக் கிலோ 26 ரூபாய். ஒன்பதே முக்கால் வரை திறந்திருக்கும், வீட்டுக்காரர் ராத்திரி நிற்கிறேன் என்றார். கிலோ விலை 50-தான்.

எம்.சி. ரோடு ஜவுளி (புதன், காலை 11.00)

செய் தங்கச்சி. ஆனால் அவரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை மறக்காதே. நீ என்ன செய்தாலும் பத்து நாளில் அவருக்குத் தெரியும்.

மாவுக்கடை, தண்டையார்பேட்டை (நாலு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.20)

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன். இப்போது தினமும் 96, 98 கிலோ போகிறது. கொட்டுகிற மாவு ஏறக்குறைய நின்றுவிட்டது, அதுவே பெரிய மிச்சம். ஜவுளி அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. பன்னிரண்டாம் நாள் எதிர்க்கடையில் "இட்லிக்குத் தனி மாவு" என்று பலகை மாட்டினார்.

நேற்று இன்னொன்று நடந்தது. காலையில் அவர் கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. ஊறவைத்த அரிசி, உளுந்தோடு அவர் சம்சாரம் என் வாசலில் வந்து நின்றார். முதல்முறையாகப் பேசினோம். அரைத்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. இன்றைக்கும் பெல்ட் கிடைக்கவில்லையாம். தினமும் வந்தால் சும்மா அரைக்க முடியாது, எவ்வளவு வாங்கலாம்?

காசிமேட்டுக்காரி (ஞாயிறு, மாலை 5.05)

கூலிக்கு அரைக்கிறவர்களுக்கு என்ன ரேட்டோ அதையே வாங்கு மா. அது சரி, அவங்க உளுந்து எவ்வளவு போடுறாங்கன்னு இப்ப தெரிஞ்சிருக்குமே?

மாவுக்கடை, தண்டையார்பேட்டை (ஞாயிறு, இரவு 10.15)

தெரிந்தது அக்கா. ஊறின உளுந்தைப் பார்த்தாலே எனக்கு அளவு தெரிந்துவிடும். என்னை நம்பிக் கொண்டுவந்து கொடுத்தார், அதனால் இங்கே எழுத மாட்டேன். பெல்ட் மிண்ட் பக்கம் கிடைக்கும் என்று கடை சொல்லி அனுப்பியிருக்கிறேன்.